புரோஸ்டேட் எம்.ஆர்.ஐ.: ஒரு சுரப்பி, இரண்டு ஸ்கேன், என் மதிப்பீடு

ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதத்தை அளப்பது பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை. அதில் எனக்கு 6.4 என்ற எண் வந்த பிறகு, ஊசி போட்டுத் திசு எடுக்கும் பயாப்ஸிக்கு முன்பாக ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சிறுநீரியல் மருத்துவர் சொன்னார். புற்றுநோய் இருக்கிறதா, இல்லையா என்று அந்தக் கருவி சொல்லிவிடும் என்றே நானும் நினைத்தேன். ஏழு வார இடைவெளியில், இரண்டு வெவ்வேறு மையங்களில், ஒரே சுரப்பியை இரண்டு முறை படமெடுத்துக்கொண்டு, அதன்பின் பயாப்ஸி முடிவையும் கையில் வாங்கிய ஒருவனாக இந்தச் சோதனையை இங்கே மதிப்பிடுகிறேன். மையங்களின் பெயர் வேண்டாம். குறை எந்த மையத்துக்கும் நேரக்கூடியதுதான்.

முதல் மையத்தில் எல்லாம் விரைவாக நடந்தது. படிவத்தில் இதயமுடுக்கி உண்டா, உடம்பில் உலோகம் உண்டா என்ற கேள்விகள் இருந்தன. மலம் கழித்தாயிற்றா, வயிற்றில் வாயு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அதற்கும் புரோஸ்டேட்டுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு அன்று புரிந்திருக்காது. படத்தில் இரத்த ஓட்டம் மிகுந்த இடங்களை ஒளிரவைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து ஊசி போடாமல், இருபது நிமிடத்துக்குள் படம் எடுத்து முடித்தார்கள். மறுநாள் கிடைத்த ஒரு பக்க அறிக்கையில், சுரப்பியின் உட்புறமான இடைநிலைப் பகுதியின் இடப்புறத்தில் 12 மி.மீ. அளவில் ஒரு கருமை இருப்பதாகவும், அது பை-ரேட்ஸ் 3 என்றும், வெளிப்பகுதியில் சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தது.

பை-ரேட்ஸ் என்பது புரோஸ்டேட் எம்.ஆர்.ஐ. படங்களைப் படிப்பதற்கென்று வகுக்கப்பட்ட மதிப்பீட்டு முறை. ஐரோப்பியக் கதிரியல் மருத்துவர்கள் 2012-இல் அதைத் தொடங்கினார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2019-இல் வந்த 2.1 பதிப்பு. ஒன்று முதல் ஐந்து வரை எண் தருவார்கள். கடைகளுக்கும் உணவகங்களுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழானது: இங்கே ஐந்து வாங்குவதுதான் மோசம். ஒன்றும் இரண்டும் கவலை குறைவு. நான்கும் ஐந்தும் பயாப்ஸி தேவை. மூன்று என்பது, படித்த மருத்துவரே இதற்குமேல் சொல்ல இயலாது என்று ஒதுங்கிக்கொள்ளும் எண். இந்த எண் புற்றுநோய்க்கான நிகழ்தகவுச் சதவீதம் அல்ல, சந்தேகத்தின் அளவு மட்டுமே என்பதை அறிக்கையின் அடியில் ஒரு வரியில் அச்சிட்டால் எத்தனையோ பேருடைய தூக்கம் மிஞ்சும்.

படத்தில் அப்படி என்னதான் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் அடுத்து நடந்தது புரியும். புரோஸ்டேட் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, மலக்குடலை ஒட்டியிருக்கும் வெளிப்பகுதியில்தான் உருவாகின்றன. நலமான நிலையில் அந்தப் பகுதி திரவம் மிகுந்திருப்பதால் டி-2 வகைப் படத்தில் வெண்மையாகத் தெரியும். கட்டி இருந்தால் கருமை தட்டும். ஆனால் பழைய அழற்சியும் அதே கருமையைக் காட்டும். ஆகவே வெளிப்பகுதிக்கு முக்கியச் சான்றாக எடுத்துக்கொள்வது பரவல் படத்தை. திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அது அளக்கிறது. புற்றணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் நீர் நகர வழியில்லாமல் முடங்கும். இடைநிலைப் பகுதிக்கு நிலைமை வேறு. வயதோடு வரும் சாதாரண வீக்கத்தின் முடிச்சுகள் அங்கே பலவாறு குவிந்திருப்பதால், வடிவத்தையும் விளிம்பையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தெளிவான உறையோடு இருக்கும் முடிச்சு பெரும்பாலும் தீங்கற்றது. கரிக்கோட்டை விரலால் தேய்த்து அழித்ததுபோல் விளிம்பு கலங்கியிருப்பதுதான் சந்தேகத்துக்குரியது. கதிரியல் மருத்துவர்களே இந்தக் கரிக்கோட்டு உவமையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அறிக்கையில் சுரப்பியின் மூன்று அளவுகள் இருந்தன: 4.6, 4.4, 3.8 செ.மீ. இவற்றைப் பெருக்கி 0.52-ஆல் மறுபடி பெருக்கினால் கனஅளவு ஏறத்தாழ 40 மி.லி. வருகிறது. பி.எஸ்.ஏ. எண்ணை அந்தக் கனஅளவால் வகுத்தால் கிடைப்பது பி.எஸ்.ஏ. அடர்த்தி, எனக்கு 0.16. பல மருத்துவர்கள் எச்சரிக்கைக் கோடாக வைத்திருப்பது 0.15. பெருத்த சுரப்பி தானாகவே அதிக பி.எஸ்.ஏ. சுரக்கும் என்பதால், சிறிய சுரப்பியில் அதே எண் வந்தால் கவலை கூடுகிறது. இந்த ஒரு வரிக் கணக்கை அறிக்கை எழுதியவர் போட்டிருக்கலாம், போடவில்லை. பை-ரேட்ஸ் 3 வந்தவர்களில் யாருக்குப் பயாப்ஸி தேவை, யார் காத்திருக்கலாம் என்பதைப் பிரிப்பதற்கு மிகவும் உதவும் எண் இதுதான் என்பதால், இதை விட்டது சிறிய குறையன்று.

படங்கள் பதிந்த குறுந்தகட்டை, புரோஸ்டேட் படங்களையே பெரும்பாலும் படித்துவரும் வேறொரு கதிரியல் மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் கருமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே பரவல் படத்தைத் திரையில் போட்டு, மலக்குடலில் தேங்கியிருந்த வாயுவைச் சுட்டிக்காட்டினார். காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் சிதைகிறது. அதனால் அதை ஒட்டியுள்ள வெளிப்பகுதியின் படம் இழுத்து நெளிந்துபோய் இருந்தது. “இதில் ஒன்றும் இல்லை என்று நான் எழுத மாட்டேன் ஐயா, இதில் ஒன்றும் தெரியவில்லை என்று வேண்டுமானால் எழுதலாம்” என்றார். புற்றுநோய் அதிகமாக உருவாகும் பகுதி, அதைக் காட்ட வேண்டிய முக்கியப் படம், அந்தப் படத்தின் கெட்டுப்போன மூலை, மூன்றும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டன. முதல் அறிக்கை அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் ‘இல்லை’ என்று முடித்திருந்தது. படத்தின் தரத்துக்கே மதிப்பெண் போடும் பை-குவால் என்ற முறை 2020-இலேயே வந்துவிட்டது. என் முதல் அறிக்கையில் அது இருந்திருந்தால் ஏழு வாரம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது மையத்தில் முந்தின நாளே தொலைபேசியில் அழைத்து, காலையில் மலம் கழித்துவிட்டு வரவேண்டும், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கக் கூடாது, குடலில் வாயு இருந்தால் சொல்ல வேண்டும் என்றார்கள். குடல் அசைவைத் தணிக்க ஒரு ஊசி போட்டார்கள். இதற்கு முன் பயாப்ஸி செய்ததுண்டா என்றும் கேட்டார்கள். பயாப்ஸியின்போது கசிந்த இரத்தம் சில வாரங்களுக்குப் படத்தைக் குழப்பும் என்பதால் குறைந்தது ஆறு வாரமாவது இடைவெளி விடுவது வழக்கம். உள்ளே கிடந்த நேரம் முப்பத்தைந்து நிமிடம். சத்தம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். காதடைப்பான் மட்டும் இங்கே உருப்படியாக இருந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் காடோலினியம் கான்ட்ராஸ்ட் ஏற்றினார்கள்.

இந்த அறிக்கை மூன்று பக்கம். படத்தின் தரம், கனஅளவு, பி.எஸ்.ஏ. அடர்த்தி, சுரப்பியின் வரைபடத்தில் குறியிட்ட இடம், எல்லாம் இருந்தன. முதல் அறிக்கை பயமுறுத்திய இடப்புறக் கருமை உறையோடு கூடிய சாதாரண முடிச்சு என்று இரண்டாம் எண்ணுக்கு இறங்கியது. முதல் அறிக்கை எதுவும் இல்லை என்ற வெளிப்பகுதியின் வலப்புறத்தில் 9 மி.மீ. அளவில் ஒரு புள்ளி இருந்தது. பரவல் படத்தில் அதற்கு மூன்று. கான்ட்ராஸ்ட் ஏறியவுடன் சுற்றுப்புறத்தைவிட முந்தி ஒளிர்ந்ததால், பை-ரேட்ஸ் விதிப்படி அது நான்கானது.

ஆக, துல்லியம் எவ்வளவு? இந்தக் கேள்விக்கு ஒற்றை எண் சொல்பவரை நம்ப வேண்டாம். என்றாலும் மிகவும் நேர்மையாக அளந்த ஆய்வு ஒன்று உண்டு. 2017-இல் லான்செட் இதழில் வெளியான பிராமிஸ் ஆய்வில், பிரிட்டனின் 11 மருத்துவமனைகளைச் சேர்ந்த 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, பழைய முறையில் மலக்குடல் வழி அல்ட்ராசவுண்ட் பயாப்ஸியும் செய்து, உண்மை நிலையை அறிய 5 மி.மீ. இடைவெளியில் சுரப்பி முழுவதையும் ஊசியால் துளாவிப் பார்த்தார்கள். அந்தக் கடைசிப் பரிசோதனைதான் இந்த ஆய்வின் உயிர். ஏனென்றால் வழக்கமாக எம்.ஆர்.ஐ. தெளிவாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் சுரப்பியில் உண்மையில் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. முடிவு இது: சிகிச்சைக்கு உரிய அளவிலான புற்றுநோய் இருந்தவர்களில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தினரைச் சந்தேகித்தது; பழைய பயாப்ஸி 48 சதவீதத்தினரையே பிடித்தது. மறுபுறம், அத்தகைய புற்றுநோய் இல்லாதவர்களில் 41 சதவீதத்தினரைத்தான் எம்.ஆர்.ஐ.யால் சரியாக விடுவிக்க முடிந்தது.

சதவீதத்தை விட்டுத் தலை எண்ணிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 576 பேரில் 418 பேரை ஸ்கேன் சந்தேகப் பட்டியலில் வைத்தது. அவர்களில் 213 பேருக்கு மட்டுமே அந்த அளவிலான புற்றுநோய் இருந்தது. அதாவது சந்தேகித்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரை வீணாகக் கலங்கடித்தது. மீதி 158 பேரை விடுவித்தது. அவர்களில் 17 பேருக்கு நோய் இருந்தது. அந்தப் பதினேழில் எதுவும் கிளீசன் 4+3 (கிளீசன் என்பது நுண்ணோக்கியில் திசுவைப் பார்த்து நோயின் வீரியத்துக்குத் தரும் மதிப்பெண்; 3+3, 3+4, 4+3 என்று ஏறும்) என்ற வீரியத்தை எட்டியிருக்கவில்லை என்பது ஆறுதலான செய்தி. மொத்தத்தில் இந்த ஸ்கேனின் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு, ‘இருக்கிறது’ என்ற சொல்லைவிட மதிப்பு அதிகம். ஆனால் அந்த மதிப்பும் சோதிக்கப்படுபவர் யார் என்பதைப் பொறுத்தது: அந்த ஆய்வில் பத்தில் நான்கு பேருக்கு நோய் இருந்தது. அதைவிட ஆபத்து அதிகமுள்ள ஒருவருக்கு, உதாரணமாகப் பி.எஸ்.ஏ. அடர்த்தி கூடியவருக்கோ, தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தவருக்கோ, அதே ‘இல்லை’ சற்று வலுவிழந்து போகிறது.

ஸ்கேன் எடுப்பதால் நோயாளிக்குக் கிடைக்கும் பயன் என்ன என்பதை 2018-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த பிரிசிஷன் ஆய்வு காட்டியது. 11 நாடுகளில் 500 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான பயாப்ஸியும், மறு பாதிக்கு முதலில் எம்.ஆர்.ஐ.யும், அதில் சந்தேகம் தெரிந்தால் மட்டும் அந்த இடத்துக்கு ஊசியும் என்று செய்தார்கள். எம்.ஆர்.ஐ. வழியில் சென்றவர்களில் 38 சதவீதத்தினருக்கு முக்கியமான புற்றுநோய் கண்டறியப்பட்டது. வழக்கமான வழியில் 26. தொந்தரவு தராமல் கிடக்கும் சிறு நோயைத் தோண்டியெடுத்துப் பீதி கிளப்புவது 22 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தது. 28 சதவீதத்தினருக்கு ஊசியே தேவைப்படவில்லை. இந்தச் சோதனைக்கு ஆதரவாக ஒரேயொரு சான்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

எனினும் ஆய்வில் பங்கேற்ற மருத்துவர்களின் கண்ணும் எல்லா மையங்களின் கண்ணும் ஒன்றல்ல. 26 மையங்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வெளியான ஒரு கணக்கில், பை-ரேட்ஸ் 3-உம் அதற்கு மேலும் என்று குறித்த இடங்களில் சராசரியாக 35 சதவீதம்தான் முக்கியமான புற்றுநோயாக இருந்தது. நான்கும் அதற்கு மேலும் என்றால் 49 சதவீதம். மையத்துக்கு மையம் அந்த எண் பெரிதும் மாறியது. நான் மதிப்பிட வந்தது கருவியை என்றாலும், மதிப்பெண் பெரும்பகுதி கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கே போகிறது. 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கருவி என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் மையங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு தகவல் நினைவுக்கு வரும்: 93 சதவீதம் கண்டுபிடித்த பிராமிஸ் ஆய்வு நடந்தது 1.5 டெஸ்லா கருவிகளில். டெஸ்லாவைக் கேட்பதற்கு முன், படத்தைப் படிப்பவர் எத்தனை புரோஸ்டேட் படம் படித்திருக்கிறார், அவருடைய அறிக்கையும் பயாப்ஸி முடிவும் பின்னர் ஒப்பிடப்படுகின்றனவா என்று கேட்பது நல்லது. நான் முதல் முறை கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்.

கான்ட்ராஸ்ட் ஊசி அவசியமா என்ற கேள்விக்கும் இப்போது தரமான பதில் உண்டு. 490 ஆண்களிடம் நடத்தி 2025-இல் வெளியான பிரைம் ஆய்வில், ஊசி இல்லாத குறுகிய ஸ்கேன் 29.2 சதவீதத்தினரிடமும், ஊசியோடு கூடிய முழு ஸ்கேன் 29.6 சதவீதத்தினரிடமும் முக்கியமான புற்றுநோயைக் காட்டின. வித்தியாசம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். என் அனுபவத்தில் ஊசிதான் மூன்றை நான்காக்கியது என்று இதற்கு எதிராக வாதாட எனக்கும் ஆசைதான். ஆனால் அடர்த்தி 0.16 இருக்கும்போது அந்த மூன்றுக்கும் பயாப்ஸி செய்தே இருப்பார்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே முதல் மையம் ஊசி போடாததை நான் குறையாகச் சொல்லவில்லை. பரவல் படம் கெட்டிருக்கும்போது கான்ட்ராஸ்ட் ஓரளவு கைகொடுக்கும் என்பதால், குறுகிய ஸ்கேன் எடுக்கும் மையம் படத்தின் தரத்தில் இரட்டிப்புக் கவனம் வைத்திருக்க வேண்டும் என்பதே என் குறை.

பயாப்ஸியில் வலப்புறப் புள்ளியிலிருந்து நான்கு துண்டுகளும், சுரப்பியின் மற்ற பகுதிகளிலிருந்து பன்னிரண்டு துண்டுகளும் எடுத்தார்கள். குறிபார்த்த நான்கில் மூன்றில் கிளீசன் 3+4. முதல் ஸ்கேன் கைகாட்டிய இடைநிலைப் பகுதி முடிச்சில் ஒன்றும் இல்லை. ஆனால் மற்ற பன்னிரண்டில், இடப்புற வெளிப்பகுதியிலிருந்து எடுத்த ஒரு துண்டில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு 3+3 இருந்தது. இரண்டு ஸ்கேனும், இரண்டு மருத்துவர்களும் அதைப் பார்க்கவில்லை. இதை நான் ஸ்கேனின் தோல்வியாக எண்ணவில்லை. சிறிய, வீரியம் குறைந்த நோய் படத்தில் தெரியாமல் போவது இந்தச் சோதனையின் இயல்பு. அத்தகைய நோயைத் தேடிப் போகாமல் இருப்பதே பலருக்கு நன்மையாகவும் முடிகிறது. கிரிப்ரிஃபார்ம் என்று சொல்லப்படும் சல்லடை அமைப்பு கொண்ட புற்றுநோய் அப்படியல்ல. அது வீரியம் மிக்கது, ஆனாலும் சில வேளைகளில் படத்துக்குத் தப்பிவிடுகிறது. தெளிவான ஸ்கேன் வந்த பிறகும் பி.எஸ்.ஏ.வைத் தொடர்ந்து பார்க்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

நோய் சுரப்பியின் உறையைத் தாண்டவில்லை என்றும் இரண்டாம் அறிக்கை எழுதியிருந்தது. இந்த வரியை நான் அடிக்கோடிட்டு வைத்திருந்ததைப் பார்த்த மருத்துவர் சிரித்தார். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, உறை தாண்டிய நோயை எம்.ஆர்.ஐ. 57 சதவீதம்தான் கண்டுகொள்கிறது. தாண்டிவிட்டது என்று அது சொன்னால் நம்பலாம், தாண்டவில்லை என்று சொன்னால் அரைமனதோடுதான் நம்ப வேண்டும். நோயைத் தேடும்போது ‘இல்லை’ என்ற சொல்லுக்கு மதிப்பு. நோய் உறையைத் தாண்டியதா என்று பார்க்கும்போது ‘ஆம்’ என்ற சொல்லுக்கு மதிப்பு. ஒரே அறிக்கையில், பத்து வரி இடைவெளியில், நம்ப வேண்டிய திசை மாறிவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தீர்த்துவிடும் என்பாரும் உண்டு. 2024-இல் வெளியான பை-காய் ஆய்வில், கணினி நிரல் ஒன்று 400 பேரின் படங்களில் 62 கதிரியல் மருத்துவர்களின் சராசரியை விஞ்சியது உண்மை. ஆனால் குடல் வாயுவைப் பற்றி முந்தின நாள் தொலைபேசியில் கேட்கும் வேலை இன்னும் மனிதரிடம்தான் இருக்கிறது.

சோதனை என்ற அளவில் இதற்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருகிறேன். நீங்கள் நினைக்கும் ஐந்து, பை-ரேட்ஸ் ஐந்து அல்ல. முதல் மையத்தின் சேவைக்கு இரண்டு, அதுவும் குறுந்தகட்டைக் கேட்டவுடன் முகம் சுளிக்காமல் கொடுத்ததற்காக. இரண்டாவது மையத்துக்கு நாலரை. அறிக்கை வர ஆறு நாள் ஆனதற்கு அரை குறைத்தேன். சிகிச்சை பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அடுத்த ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், பழைய படங்களோடு ஒப்பிட்டுப் படிக்கும்படி கேட்டு, இரண்டு குறுந்தகடுகளையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது மையத்துக்கே போவேன்.